இறந்த தோழியின் எண் 'ஆன்லைன்' என்று காட்டியது

வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 43. கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன். எட்டு வருடங்களுக்கு முன், நினைவு தப்பிப்போன மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அதே நிலைமையில் இருந்த மூன்று பெண்களோடு இணையத்தில் பழக்கம் ஏற்பட்டது. நால்வருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. மாமியார் காலமான பிறகும் குரூப் நிற்கவில்லை. மூவரில் இவருக்கு மிக நெருக்கமானவர், பத்து வாரங்களுக்கு முன் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். மூன்றாம் நாள் அவருடைய மகள் தன் போனிலிருந்து செய்தி அனுப்பித்தான் விஷயம் தெரிந்தது.

இவர் வீட்டில் இரவு ஏழு மணிக்கு மேல் யாரும் போனைத் தொடக்கூடாது. இரண்டு வருடங்களுக்கு முன் கணவர் போட்ட சட்டம். தோழி இறந்த இரவு அவருடைய 'லாஸ்ட் சீன்' 2.10. "நான் அன்று ஆன்லைனில் இருந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பாள்" என்ற எண்ணம் இவரை விடவில்லை. அந்த 2.10ஐத் தினமும் பலமுறை திறந்து பார்த்திருக்கிறார். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நாள் அதிகாலை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தோழியின் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வந்தது. அரை நிமிடத்தில் போய்விட்டது. 2.10 இருந்த இடத்தில் அன்றைய தேதியும் நேரமும். மகள்தான் அம்மாவின் போனைத் திறந்திருக்கிறாள் என்பது புரிந்தும், அவள்மேல் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கணவர் சொல்வது: "பார்த்தே இராத ஒருத்திக்காக இன்னும் எத்தனை நாள்? போனை வைத்துவிட்டு நிஜ வாழ்க்கைக்கு வா."

வாசகி கேட்பவை: அந்த நட்பு நிஜமா, நானாகக் கற்பனை செய்துகொண்டதா? நான் போனுக்கு அடிமையாகிவிட்டேனா? எட்டு வருடமாக நான் எழுதிய ரகசியங்கள், கணவரைப் பற்றிய புலம்பல்கள் எல்லாம் அந்த போனில் இருக்கின்றன. இங்கிருந்தே அழிக்க வழி உண்டா? அவருடைய அரட்டையை மேலே பின் செய்து வைத்திருக்கிறேன், எடுத்துவிடட்டுமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியைக் கடைசியிலேயே வைத்துக்கொள்கிறேன். முதலில் அந்த 2.10. பிரிவைவிட அதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று படுகிறது.

அந்த நேரம் என்ன சொல்கிறது

வாட்ஸ்அப்பில் 'ஆன்லைன்' என்றால், அந்த ஆப் அந்த போனின் திரையில் திறந்திருக்கிறது, இணைய இணைப்பும் இருக்கிறது என்று அர்த்தம். 'லாஸ்ட் சீன்' என்பது கடைசியாக எப்போது அப்படித் திறந்திருந்தது என்ற கணக்கு. கையில் வைத்திருப்பவர் யார், என்ன மனநிலையில் இருக்கிறார், யாருடைய நினைவில் திறந்தார் என்பதெல்லாம் அந்த வரிக்குத் தெரியாது. நீங்கள் அனுப்பியதைப் படித்துவிட்டாரா என்பதைக்கூட அது சொல்வதில்லை; அதற்கு நீல டிக் தனியாக இருக்கிறது.

இந்தச் சொற்களே மனிதர்களுக்காகப் பிறந்தவை அல்ல. கணினியோடு இணைத்து வைத்த கருவி ஆன்லைன், கழற்றி வைத்தது ஆஃப்லைன். பிரிண்டர் மட்டும்தான் இன்றும் விசுவாசமாக அந்தப் பழைய பொருளிலேயே அடம்பிடிக்கிறது. 1996இல் ஐசிக்யூ போன்ற அரட்டை ஆப்கள் வந்தபின் அந்தச் சொல் மனிதர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப்பின் முதல் யோசனைகூடச் செய்தி அனுப்புவது அல்ல. 'வேலையில் இருக்கிறேன்', 'பேட்டரி தீரப்போகிறது' என்று ஆளின் நிலையைத் தொடர்புப் பட்டியலில் காட்டுவதுதான். கருவியின் நிலையை ஆளின் நிலையாகப் படிக்கும் பழக்கம் அப்படி நம் எல்லோருக்கும் வந்துவிட்டது. நீங்கள் அதற்கு மேல் ஒரு படி போயிருக்கிறீர்கள். ஆன்லைனில் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்கிறீர்கள்.

அன்றிரவு அவர் யாரையாவது தேடினாரா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்ப்போம். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் காலை போனைத் திறந்தபோது அவரிடமிருந்து ஒரே ஒரு குரல் பதிவு இருந்தது, இரவு 10.40க்கு வந்தது, "கண்ணு சொக்குது, மீதியை நாளைக்குச் சொல்றேன்" என்று முடிந்தது. அதற்குப் பிறகு தவறிய அழைப்பு இல்லை, எழுதிய செய்தியும் இல்லை. நீங்கள் போனை அணைத்திருந்தாலும் அவர் அனுப்பியிருந்தால் காலையில் வந்து சேர்ந்திருக்கும். உங்கள் வீட்டு ஏழு மணிச் சட்டம் அவருக்கும் தெரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதில் உடனே வராது என்று தெரிந்தே அனுப்பிய பதிவு அது. 2.10க்கு விழிப்பு வந்து, போனை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி படுத்திருக்கலாம். நாம் எல்லோரும் செய்வதுதான். வேறு ஏதாவதும் இருந்திருக்கலாம். ஆனால் உங்களைக் கூப்பிட்டார், நீங்கள் அங்கே இல்லை என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு சான்றுகூட இல்லை.

பார்க்காதவருக்காக அழலாமா

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நண்பர்கள் என்று பள்ளியில் படித்தபோது நாம் எல்லோரும் பக்தியோடு தலையாட்டினோம். வடக்கிருந்த சோழன், பிசிராந்தையார் வருவார், அவருக்கும் இடம் ஒதுக்குங்கள் என்றபோது, சுற்றி இருந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. உங்கள் கணவர் இப்போது அவர்கள் பக்கத்தில் நிற்கிறார். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் கண்ணால் பார்த்தது எதுவும் இல்லையே.

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார்; உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று சொல்லலாம். முன்னாள் மனைவி, வெளியே சொல்லாத காதலன், உடன் வேலை பார்த்தவர் என்று, 'நீ ஏன் அழுகிறாய்?' என்று ஊர் கேட்கக்கூடிய இடத்தில் நிற்பவர்களின் துக்கம். துக்கம் விசாரிக்க அவர்களிடம் யாரும் வருவதில்லை, லீவு கேட்கக் காரணம் கிடையாது, இறுதிச் சடங்கில் நிற்க இடமும் கிடையாது. ஆறுதல் கிடைக்காத துக்கம் ஆற அதிக நாள் பிடிக்கிறது என்பதை இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உங்களுக்கு மூன்று நாள் கழித்துச் செய்தி வந்தது. போய்ப் பார்க்க ஒரு முகம்கூட இல்லை. இருந்ததெல்லாம் அந்த 2.10தான், அதையே பிடித்துக்கொண்டீர்கள். அது மாறிப்போனபோது வந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. என் அண்ணன் இறந்த பிறகு, அவர் கையெழுத்தில் வெறும் கூட்டல் கணக்கு இருந்த ஒரு துண்டுக் காகிதத்தை வீடு சுத்தம் செய்தவர்கள் குப்பையில் போட்டுவிட்டார்கள். நான் போட்ட சத்தத்தில் அன்று வீடே ஆடிப்போனது. ஆலோசகர் என்று பெயர்.

ஆனால் ஒன்று. அந்தப் பெண் அழித்தது உங்கள் தோழியின் தடயத்தை என்று நினைக்கிறீர்கள். அவள் செய்தது தன் அம்மாவின் போனைத் திறந்து பார்த்தது. அதுவும் விடியாத நேரத்தில், உங்களைப் போலவே தூக்கம் வராமல். அவளும் அங்கே எதையோ தேடியிருப்பாள்.

குரூப்பில் மீதி இருக்கும் இருவரைப் பற்றி, "எல்லோரும் ஆன்லைனில்தான் இருக்கிறார்கள், யாரும் எழுதுவதில்லை" என்கிறீர்கள். இப்படிப்பட்ட நேரத்தில் யாருக்கும் தட்டச்சு வராது. மூவரும் ஒரு மணி நேரம் சேர்ந்து பேசுங்கள், குரலில். நேரில் சந்திக்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சந்தியுங்கள். கணவருக்கு நிரூபிப்பதற்காக மட்டும் வேண்டாம்.

இது அடிமைத்தனமா

இல்லை என்றே நினைக்கிறேன். 'போன் அடிமை' என்ற சொல் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. ஆனால் 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ விளையாட்டுக் கோளாறு உண்டு, போன் அடிமைத்தனம் என்று ஒரு நோய் கிடையாது. அதனால் போனால் பாதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. உங்களுக்கு நீங்களே அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு வேறு விளக்கம் இருக்கிறது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். கொத்தும்போதெல்லாம் தீனி விழுந்தால் புறா நிதானமாக இருக்கும்; தீனி நின்றால் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போது விழும் என்று சொல்லமுடியாதபடி எப்போதாவது விழுந்தால், விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். ஏழு வாரம் உங்களுக்கு ஒன்றும் விழவில்லை. ஒரு நாள் அதிகாலை 'ஆன்லைன்' என்று விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு பார்ப்பது இரண்டு மடங்காகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேய் பிசாசு எதுவும் இல்லை, அந்தப் புறாக் கணக்குதான்.

இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது, எதையும் அழிக்காமல். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், உங்கள் லாஸ்ட் சீனையும் ஆன்லைனையும் யாருக்கும் காட்டாதபடி மாற்றுங்கள். நீங்கள் மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது. அதன் விதி அப்படி. தோழியின் பெயருக்குக் கீழே அந்த வரி இருக்காது. அரட்டை அப்படியே இருக்கும், குரல் இருக்கும். இரண்டு வாரம் செய்து பாருங்கள். முதல் சில நாள் கை தானாகப் போகும், போகட்டும்.

பத்து வாரம் என்பது துக்கத்துக்குக் குறைந்த காலம். ஆறு மாதம் தாண்டியும் தினமும் இதே ஏக்கம் தீவிரமாக இருந்து, வேலை, தூக்கம், மகனோடு பேசுவது எல்லாம் நின்றுபோனால், அது நீடித்த துக்கக் கோளாறா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அதே உலகப் பட்டியல் வைக்கும் வரம்பு ஆறு மாதம். தன் உயிர்மேல் வெறுப்பு வந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அந்த போனில் இருக்கும் உங்கள் வார்த்தைகள்

இங்கிருந்தே அழிக்க முடியாது. 'எல்லோருக்கும் நீக்கு' என்ற வசதி, செய்தி அனுப்பி சுமார் 2 நாள் 12 மணி நேரம் வரைதான் வேலை செய்யும். எட்டு வருடப் பழசுக்கு அது உதவாது. உங்கள் பக்கம் அழித்தால் உங்களிடம்தான் போகும். அங்கே அப்படியே இருக்கும். என்கிரிப்ஷன் இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். அது வழியில் யாரும் எட்டிப் பார்க்காமல் காக்கும். போனையே கையில் வைத்திருப்பவருக்கு எதிராக ஒன்றும் செய்யாது.

உரிமை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை, இந்தச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 2018இல் அந்நாட்டுக் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இறந்துபோன 15 வயதுப் பெண்ணின் ஃபேஸ்புக் கணக்கைப் பெற்றோர் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. கடிதமும் நாட்குறிப்பும் வாரிசுக்குப் போவதுபோல இதுவும் போகும் என்பது வாதம். அந்தப் பெண்ணோடு பேசியவர்களின் அந்தரங்கம் என்ன ஆவது என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. அதற்காக வாரிசின் உரிமையைத் தடுக்கவில்லை. எல்லா நாட்டிலும் இப்படியே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மகளிடம் உரிமை பேசினால் நீங்கள் நிற்கும் இடம் பலவீனமானது. கேட்கத்தான் முடியும்.

எப்படிக் கேட்பது என்பதுதான் முக்கியம். ரகசியத்தில் தொடங்காதீர்கள். முதலில் அவள் அம்மாவைப் பற்றி எழுதுங்கள், அவளுக்குத் தெரியாத ஒன்றை. உதாரணமாக: "உன் அம்மாவோடு எட்டு வருஷம் பேசியிருக்கிறேன்மா. உன்னைப் பற்றி என்னிடம் சொன்னதையெல்லாம் கேட்கத் தோன்றினால், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. நாங்கள் இரண்டு பேரும் மனசுவிட்டு எங்கள் வீட்டு விஷயங்களையும் பேசியிருக்கிறோம். எங்கள் அரட்டையைப் படிக்காமல் விட்டால் எனக்குப் பெரிய உதவி. ஏற்கெனவே படித்திருந்தாலும் பரவாயில்லை, உன்னோடு இருக்கட்டும்." அவள் பதில் போடாமலும் இருக்கலாம். அப்படியானால் மறுபடி கேட்காதீர்கள். அதை எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது கொடுக்க அந்தப் பெண்ணுக்கு என்ன தேவை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பயம் கொஞ்சம் இறங்கும்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். பொதுவாக 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடும். சிம் நிறுத்தப்பட்டால் அந்த எண் ஒரு நாள் வேறு யாருக்காவது போகலாம். உங்கள் தோழியின் பெயருக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் படம் வந்து நிற்கும். அப்போது மறுபடியும் உடம்பு நடுங்கக்கூடாது என்பதற்காகத்தான் இப்போதே சொல்கிறேன்.

ஏழு மணிச் சட்டம்

உங்கள் கணவர் இந்தச் சட்டத்தை ஏன் போட்டார் என்பதைக் கடிதத்தில் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அலுவலகத்திலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கும் மெசேஜ் வந்துகொண்டிருந்தது, அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது, மருத்துவர் எச்சரித்தார். வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமைக்காக ஃப்ரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமே கொண்டுவந்திருக்கின்றன. உங்கள் கணவர் அதைத் தன் வீட்டுக்குள் செய்துகொண்டார். அதில் தவறில்லை. தன்னுடைய நோய்க்கான மருந்தை வீட்டில் எல்லோருக்கும் கொடுத்ததுதான் தவறு.

ஆன்லைன் என்றால் அவருக்கு மேலதிகாரி. உங்களுக்கு அது எட்டு வருடத் தோழி. மகன் இந்தச் சொற்களைப் பயன்படுத்துவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு இவை இரண்டு தனித்தனி இடங்களாகவே தெரியவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று பொருளில் கேட்கும் ஒரு சொல்லை வைத்துச் சட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும். நிஜ வாழ்க்கைக்கு வா என்று அவர் கூப்பிடுவதும் இந்தக் குழப்பத்தில்தான். போனை வைத்துவிட்டால் பக்கத்தில் இருக்கிறவரோடு இருந்துவிடுகிறோமா? ஏழு மணிக்கு மேல் நீங்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து என்ன பேசினீர்கள் என்று தேடினேன். கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

சட்டத்தை உடைக்க வேண்டாம், திருத்துங்கள். போனை அணைப்பதற்குப் பதிலாக 'தொந்தரவு செய்யாதே' நிலையில் வைத்து, குறிப்பிட்ட சிலரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி செய்யலாம். இப்போதைய போன்கள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இருக்கிறது. யார் யார் அந்தச் சிலர் என்பதை அவரவர் முடிவு செய்யட்டும். அவருடைய பட்டியலில் அலுவலகம் இருக்காது. உங்களுடையதில் மீதி இரண்டு தோழிகளும் இருப்பார்கள். மகனைப் பற்றி அவனிடமே கேளுங்கள்.

அப்புறம், உங்கள் கணவர்மேல் எனக்கு ஒரு சின்னப் பரிதாபமும் வந்தது. எட்டு வருடத்தில் அவர் உங்கள் தோழியின் குரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் பார்த்ததெல்லாம் போனைப் பார்த்துச் சிரிக்கும் உங்கள் முகத்தின் ஒரு பக்கத்தை. ஏழு மணிக்குப் பிந்தைய அந்த நேரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் கேளுங்கள். தோழியின் பதிவுகளில் அவரைப் பற்றிப் புலம்பாத ஒன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் போட்டுக் காட்டுங்கள். கேட்டுவிட்டு அவர் எழுந்து போகலாம், ஏதாவது கேள்வியும் கேட்கலாம். இரண்டாவது நடந்தால் உங்கள் துக்கத்தை விசாரிக்க வீட்டிலேயே ஒருவர் கிடைப்பார்.

சரி, அரட்டையை மேலே 'பின்' செய்து வைத்த விஷயம். இப்போது எடுக்க வேண்டாம். நீங்களாகக் கீழே இறக்க விரும்பும் நாள் வந்தால் இறக்குங்கள். வராவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உங்களிடம் இருக்கும் ஒரே பிரதி உங்கள் போனில்தான். அந்த அரட்டையை எக்ஸ்போர்ட் செய்து வேறோர் இடத்தில் வையுங்கள். எட்டு வருடமும் ஒரே தடவையில் வராமல் போகலாம், அதனால் 10.40 பதிவையும் உங்களுக்குப் பிடித்த மற்றவற்றையும் தனித்தனியாகவும் சேமித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது மீடியாவோடு வேண்டுமா, இல்லாமலா என்று கேட்கும். மீடியாவோடு என்பதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் எழுத்து மட்டும்தான் வரும், குரல் வராது.